துட்டிக்கு வந்தவர்கள்

2015 மே 20, புதன்கிழமை இரவு. அமெரிக்க இரவுநேர அரட்டை நிகழ்ச்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மனின் கடைசி நிகழ்ச்சி 11 மணி 35 நிமிடத்துக்குத் தொடங்கும் என்று காலையிலிருந்தே மனத்தில் குறித்து வைத்திருந்தேன். நேரம் நெருங்கியபோது ரிமோட்டை எடுத்து அழுத்தினால் அது உயிரற்றுக் கிடந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் தொட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மகனின் பொம்மை ரயிலைக் கவிழ்த்து, அதன் வயிற்றிலிருந்து இரண்டு பேட்டரிகளைப் பிடுங்கி மாற்றிய பிறகு அடுத்த சிக்கல்: சேனல் எண் மறந்துபோயிருந்தது. நியூயார்க் வட்டாரத்தில், அவர் நிகழ்ச்சியை ஒளிபரப்பிய சி.பி.எஸ். 2ஆம் எண்ணில் வரும். ஒரு காலத்தில் இருட்டில் விரலால் தடவியே அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவன் நான். அன்று 4, 5, 7 என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு 2இல் வந்து நின்றபோது நிகழ்ச்சி தொடங்கிவிட்டிருந்தது.

மறுநாள் வந்த கணக்குப்படி, அன்றிரவு அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 37 லட்சம் பேர். 1994 பிப்ரவரியில், குளிர்கால ஒலிம்பிக் ஒளிபரப்பை அடுத்து வந்த ஓர் இரவுக்குப் பிறகு அந்த நிகழ்ச்சி கண்ட மிகப் பெரிய கூட்டம் அது. ஆனால் அந்தக் கடைசி ஆண்டுகளில் சாதாரண இரவொன்றில் அவரைப் பார்த்தவர்கள் 30 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆக, அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு கோடிப் பேர் என்னைப் போலவே வேறெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள். இரவுநேர அரட்டை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் விடைபெறும்போது நேயர்கள் கண்ணீர் விடுவதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கண்ணீர்விட்டவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை அவரைப் பார்க்காதவர்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் அதைச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

லெட்டர்மனை நான் முதலில் பார்த்தது 2001இன் தொடக்கத்தில். கணினி வேலைக்கு அமெரிக்கா வந்த பலரைப் போல, ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கத்து அடுக்ககம் ஒன்றில் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருந்தோம். டாட்காம் சரிவு தொடங்கியிருந்த நேரம். என்னையும், எங்களில் மூத்தவரான நாசரேத்துக்காரர் ஒருவரையும் வேலை இல்லாமல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அவரை எல்லோருமே அண்ணாச்சி என்றுதான் அழைத்தோம். பகலெல்லாம் இன்டர்வியூவுக்கான தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பதும், இரவில் தூக்கம் வராமல் தொலைக்காட்சியைப் பார்ப்பதும் எங்கள் வாழ்க்கையாக இருந்தது. முன்பற்களுக்கு நடுவே இடைவெளியும், இரட்டை மார்புக் கோட்டும், எதையும் நம்பாத பார்வையுமாக மேசைக்குப் பின்னால் இருந்த மனிதரைக் கண்டதும் அண்ணாச்சி கேட்டார்: “யாரு வே இவன்? சிரிப்புக் காட்டுத நிகழ்ச்சிங்கீரு, மூஞ்சியப் பாத்தா வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரில்லா இருக்கான்.”

லெட்டர்மனைப் பற்றி அதைவிடச் சரியான விமரிசனத்தை நான் இதுவரை படித்ததில்லை. மற்றவர்கள் நகைச்சுவையைச் சொல்லிவிட்டு நேயர் சிரிப்பதற்காகக் கையேந்தி நிற்பார்கள். இவரோ சொன்ன நகைச்சுவை விழுந்துவிட்டால் அந்த விழுந்த கதையையே எடுத்துவைத்துக்கொண்டு அடுத்த ஐந்து நிமிடம் ஓட்டுவார். ஏதாவதொரு பொருளைப் பற்றிப் பத்தாவதிலிருந்து முதலாவது வரை இறங்கி வரும் பட்டியல் ஒன்றை ஒவ்வோர் இரவும் படிப்பார். முதலாவது எப்போதுமே சுமாராகத்தான் இருக்கும். அந்த ஏமாற்றத்துக்கும் சேர்த்துத்தான் சிரிப்பு என்று புரிய எங்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன. அது புரிந்த நாளில் அமெரிக்க ஆங்கிலத்தில் பாதி புரிந்துவிட்டதாக நாங்கள் கொண்டாடியதும் உண்டு.

பிறகு செப்டம்பர் 11 வந்தது. எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரங்களின் மேல்பாதி தெரியும். அன்று பிற்பகலில் அங்கே புகை மட்டும் நின்றது. ஆற்றுக்கு அப்பாலிருந்து படகுகளில் வந்து இறங்கியவர்களின் தலைமுடியிலும் செருப்பிலும் சாம்பல் அப்பியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எரிந்த நெடி வாரக்கணக்கில் போகவில்லை. அடுத்த சில நாள்கள் பெரிய சேனல்கள் எல்லாம் செய்தி மட்டுமே காட்டின. நகைச்சுவை நிகழ்ச்சிகள் எவையும் வரவில்லை. இனி எப்போது சிரிக்கலாம் என்பது யாருக்கும் தெரியாத கேள்வியாக இருந்தது.

செப்டம்பர் 17, திங்கட்கிழமை இரவு, இரவுநேரத் தொகுப்பாளர்களில் முதலாவதாக லெட்டர்மன் திரும்பினார். வழக்கமான தொடக்க ஆரவாரம் எதுவும் இல்லை. நேராக மேசையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். இந்த நேரத்தில் இப்படியொரு நிகழ்ச்சி நடத்தலாமா என்று தனக்கே தெரியவில்லை என்றார். தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் பற்றிச் சொன்னார். தைரியம் இல்லாவிட்டால் தைரியம் இருப்பதுபோல நடித்தாலும் போதும், அதுவும் உண்மையான தைரியத்துக்குச் சமமே என்ற பொருளில் ஒன்றைச் சொல்லிவிட்டு, மொன்டானா மாநிலத்தில் மழை பொய்த்துப்போன ஷோட்டோ என்ற சிற்றூரின் மக்கள் நியூயார்க்குக்காகப் பணம் திரட்டக் கூடிய கதைக்குப் போனார். சி.பி.எஸ். செய்திப்பிரிவின் மூத்தவரான டேன் ராதர் விருந்தினராக வந்து, பேச்சின் நடுவே உடைந்து அழுதார். லெட்டர்மன் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் அறையில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அந்த நாட்டில் வேலையோ நிரந்தரமோ எதுவும் இல்லாத எங்களுக்கு, அதைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் தைரியமாக இருப்பதாக நடிக்கச் சொன்னது பெரிய உதவியாக இருந்தது.

அதன் பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் அவரை ஏறக்குறைய எல்லா இரவும் பார்த்தேன். பார்த்தேன் என்பது சரியான சொல்லா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இந்த வகை நிகழ்ச்சியின் அமைப்பே முழுக் கவனத்தைக் கேட்காத அமைப்பு. முதலில் நின்றபடி சொல்லும் அன்றைய நாட்டு நடப்பு நையாண்டி, பிறகு மேசை, ஒரு பக்கம் பால் ஷாஃபரின் இசைக்குழு, படத்துக்கு விளம்பரம் தேடி வரும் இரண்டு விருந்தினர்கள், கடைசியில் ஒரு பாட்டு. வாரத்துக்கு ஐந்து நாள் இதே வரிசை. நாங்கள் அதை ஓடவிட்டுக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுவோம், மறுநாளைக்குச் சாம்பார் வைப்போம், ஊருக்கு ஃபோன் பேசுவோம். இரண்டாவது விருந்தினர் வருவதற்குள் அண்ணாச்சி குறட்டை விட்டிருப்பார். நாடகமோ சினிமாவோ என்றால் முடிவு தெரியாமல் எழுந்துபோக மனம் வராது. இங்கே முடிவு என்று ஒன்று கிடையாது, நாளைக்கும் வருவார் என்பது மட்டுமே உண்டு. அதனால் விட்டுப் போவதும் எளிதாக இருந்தது. எனக்குத் திருமணமாகி, வேலை மாறி, குழந்தை பிறந்து, இரவு பத்து மணிக்கே கண் செருகத் தொடங்கியபோது, எந்த நாளில் லெட்டர்மனைப் பார்ப்பதை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. எப்போதாவது யாரேனும் அனுப்பும் நான்கு நிமிடத் துண்டை யூடியூபில் பார்ப்பதோடு சரி.

2009 அக்டோபர் 1 அன்று, தன் அலுவலகப் பெண்கள் சிலரோடு தனக்கு உறவு இருந்ததையும், அதை வைத்து ஒருவர் தன்னிடம் 20 லட்சம் டாலர் கேட்டு மிரட்டியதையும் அவரே மேடையில் சொன்ன காட்சியையும் அப்படித்தான் மறுநாள் பார்த்தேன். அரங்கில் இருந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தடுமாறிச் சிரித்த சத்தம் இன்றும் நினைவிருக்கிறது. முதலாளி ஒருவர் தன்னிடம் வேலை பார்க்கிறவர்களோடு வைத்துக்கொண்ட உறவு சிரித்துத் தள்ளிவிடும் சங்கதியன்று. ஆறு ஆண்டுகள் கழித்து விடைபெற்றபோது அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. வழியனுப்பும் வீட்டில் பழைய கணக்கை எடுக்கக் கூடாது என்ற நாகரிகம் எல்லா ஊரிலும் இருக்கும்போலும். என்னைக் கேட்டால், அது சற்று வசதியான நாகரிகம்.

கடைசி இரவுக்கு வருகிறேன். தொடக்கத்தில், நிக்சன் விலகியபோது ஜெரால்டு ஃபோர்டு சொன்ன, நாட்டின் நீண்ட கெட்ட கனவு முடிந்தது என்ற பழைய வாசகத்தைக் காட்டி, அதையே இரண்டு புஷ்களும் கிளின்டனும் ஒபாமாவும் லெட்டர்மனைப் பற்றித் திருப்பிச் சொன்னார்கள். என்.பி.சி. நிறுவனத்தின் பழம்பெரும் இரவுநேர நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’ தனக்குக் கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது என்று அவர் தொடங்கினார். 1992இல் கைநழுவிப்போன அந்த நாற்காலியைப் பற்றி 23 ஆண்டுகளுக்குப் பிறகும் சொன்னதும், அரங்கம் வெடித்தது. என்.பி.சி., சி.பி.எஸ். இரண்டு நிறுவனங்களிலுமாக 33 ஆண்டுகளில் 6,028 நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறோம், இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் கணக்குப் போட்டுப் பார்த்ததில் மொத்தம் எட்டு நிமிடச் சிரிப்பு தேறுகிறதாம் என்றார். கடைசிப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்ல அலெக் பால்ட்வினிலிருந்து பில் மரே வரை பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். முடிவு பலரை ஏமாற்றிய ‘சைன்ஃபெல்டு’ தொடரில் நடித்த ஜூலியா லூயி-டிரைஃபஸ், பக்கத்தில் அதன் நாயகன் ஜெரி சைன்ஃபெல்டை நிறுத்திக்கொண்டு, ஏமாற்றம் தரும் இன்னொரு கடைசி அத்தியாயத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி என்றபோது, சைன்ஃபெல்டின் முகம் போன போக்கு காணத் தக்கதாக இருந்தது.

அந்தச் சில வாரங்களாகத் தன்மேல் கொட்டப்பட்ட புகழ்ச்சியைப் பற்றி லெட்டர்மன் சொன்னதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. இதில் கொஞ்சத்தை என் சாவுக்கும் மிச்சம் வையுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் வட்டிக்குக் கொடுத்தவன் முகத்தோடு அவர் அதைச் சொன்னபோது, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பதுபோல எனக்குத் தோன்றியது. கடைசியில் மனைவிக்கும் மகனுக்கும் நன்றி சொல்லி, தொலைக்காட்சியில் கடைசி முறையாக வணக்கம் சொல்லி, ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவை அழைத்தார். 2000இல் ஐந்து அடைப்புகளுக்கு இதய பைபாஸ் அறுவை செய்துகொண்டு அவர் திரும்பிய இரவில், தென்னமெரிக்கப் பயணத்தை விட்டுவிட்டு வந்து அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடியவர்கள் அவர்கள். அதே பாட்டு முழுவதுமாக ஒலிக்க, 33 ஆண்டுகளின் படங்கள் இமைக்கும் நேரத்துக்கு ஒன்றாக ஓடின. நிகழ்ச்சி தன் நேரத்தைக் கால் மணி தாண்டியும் ஓட, சி.பி.எஸ். தடுக்கவில்லை. அதே நேரத்தில் வேறொரு சேனலில் வரவேண்டிய தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் அன்று பழைய நிகழ்ச்சியை மறுஒளிபரப்பு செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

படங்கள் ஓடும்போது என் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்த மனைவி, விளக்கைப் போடாமல் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, “இவர் நிகழ்ச்சிய நீங்க பார்த்து நான் பார்த்ததே இல்லையே, எதுக்கு அழறீங்க?” என்றார். ஒன்பது ஆண்டுத் திருமண வாழ்க்கையில் ஒரு முறைகூட இந்த மனிதரை நாங்கள் சேர்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குச் சொல்வதற்குப் பதில் இல்லை.

பதில் அடுத்த பத்து நிமிடத்தில் டல்லாஸிலிருந்து வந்தது. அண்ணாச்சி அங்கே போய் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பேசிக்கொள்வோம். எடுத்ததும் கேட்டார்: “என்ன வே, துட்டிக்குப் போயிட்டு வந்தாச்சா?”

நான் திருச்சிக்காரன். எங்கள் பக்கம் துக்கம் விசாரிப்பது என்போம். திருநெல்வேலிப் பக்கத்தில் துட்டி கேட்பது என்பார்கள். இருக்கும்போது வாசல் மிதிக்காதவர்களெல்லாம் இறந்த செய்தி கேட்டதும் அடித்துப்பிடித்து வருவதும், தூரத்து உறவு வந்து இறங்கும்போது ஒப்பாரியின் சத்தம் கூடுவதும் எல்லா வீட்டிலும் பார்த்ததுதான். அவர்களைப் போலி என்று சொல்லிவிட முடியாது. இறந்தவரைப் பற்றிய நினைவு அவர்களுக்கு ஒரே கட்டாக, அப்படியே பழையதாக இருக்கிறது. கூடவே இருந்து மருந்து கொடுத்தவர்களுக்கு அந்த நினைவு தினப்படி வேலைகளில் கரைந்துபோயிருக்கும். நானும் அண்ணாச்சியும் அன்று அழுதது 2015இன் லெட்டர்மனுக்காக இல்லை. அவருடைய கடைசிப் பத்து ஆண்டுகளைப் பற்றி எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் லெட்டர்மன் 2001இல், ஜர்னல் ஸ்கொயரில், பழைய மெத்தைக்கு எதிரே, பத்திரமாக இருந்தார். வெகு நேரம் பேசினோம். ஊருக்குத் திரும்பிவிட்ட மற்ற இரண்டு பேரைப் பற்றித்தான் அதிகம்.

விட்டுப் போகாத நேயர்களும் உண்டு. அவர்களில் ஒருவரை அதற்கு ஐந்து நாள் முன்பு, மே 15 அன்று, அந்த மேடையிலேயே பார்க்க முடிந்தது. பின்னர் துண்டாகப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நகைச்சுவைக் கலைஞர் நார்ம் மெக்டானல்டு, 13 வயதில் டொரண்டோவில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து லெட்டர்மனைக் கண்ட கதையைச் சொல்லி, அன்று அவர் சொன்ன நகைச்சுவையைத் திரும்பச் சொல்லிவிட்டு, குரல் உடைந்து நின்றார். லெட்டர்மனுக்கு மிகையுணர்ச்சி பிடிக்காது, ஆனால் உண்மையாக இருப்பது மிகையுணர்ச்சி ஆகாது என்று சொல்லித் தன் அன்பைத் தெரிவித்தார். நான் பார்த்த விடைபெறல்களில் கணக்கு நேராக இருந்த அழுகை அது ஒன்றுதான்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில், அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த எட் சல்லிவன் அரங்கத்துக்குப் போனேன். பிராட்வேயில், 53ஆம் தெரு முனை. உள்ளே காட்சியமைப்பை உடைத்து எடுத்து, தெருவோரம் நிறுத்தியிருந்த பெரிய குப்பைத் தொட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பின்னால் ஒளிர்ந்த நியூயார்க் நகரம் பலகையும் கம்பியுமாகக் கிடந்தது. டை கட்டியவர்கள் விளிம்பில் ஏறி உள்ளே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கதவளவு பலகை ஒன்றைத் தலைமேல் தூக்கிக்கொண்டு சுரங்க ரயில் படிக்கட்டை நோக்கி நடந்தவரிடம், தினமும் பார்ப்பீர்களா என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும்போது பார்த்தேன் என்றார். அவருக்கு என் வயதுக்கு மேல் இருக்கும். பலகையின் பின்பக்கத்தில் வண்ணம் இல்லை, தச்சர் பென்சிலால் போட்ட அளவுக்கோடுகள் மட்டும் இருந்தன. நானும் விரல் நீளத்துக்கு ஒரு பிளைவுட் சிராயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிற்பகல் கூட்டம் ஒன்றில் அது குத்திக்கொண்டே இருந்தது.

துட்டிக்கு வந்தவர்கள் அழுவதோடு நிற்காமல் சண்டைக்கும் நிற்பதுண்டு. 2010 ஜனவரியில் கோனன் ஓ'பிரையனுக்கு நடந்தது அதுதான். 2009 ஜூன் 1 அன்று ‘டுநைட் ஷோ’வின் நாற்காலியில் உட்கார்ந்தவரை, ஏழே மாதத்தில், அரை மணி நேரம் தள்ளி 12:05க்குப் போகச் சொன்னது என்.பி.சி. முந்தைய தொகுப்பாளர் ஜே லெனோவுக்கு இரவு பத்து மணிக்குக் கொடுத்த புதிய நிகழ்ச்சி எடுபடாமல், அதற்குப் பின் வரும் உள்ளூர்ச் செய்தியும் நேயர்களை இழந்து, கிளை நிலையங்கள் போர்க்கொடி தூக்கியதால், லெனோவை 11:35க்கே கொண்டுவரும் ஏற்பாடு அது. பூவுலக மக்களே என்று விளித்து ஓர் அறிக்கை வெளியிட்டு ஓ'பிரையன் மறுத்துவிட்டார். ஜனவரி 18 அன்று கலிஃபோர்னியாவில் யூனிவர்சல் சிட்டி அரங்கின் வெளியே, கொட்டும் மழையில், அவருடைய செம்பட்டைத் தலைமுடியை நினைவூட்டும் ஆரஞ்சு நிறத்தில் இளைஞர்கள் கூடி முழக்கமிட்டார்கள். ஜனவரி 22 அன்று வந்த கடைசி நிகழ்ச்சியை 1 கோடியே 3 லட்சம் பேர் பார்த்தார்கள். எதையும் கசப்போடு பார்க்காதீர்கள், கடுமையாக உழைத்து அன்பாகவும் இருந்தால் வியப்பான காரியங்கள் நடக்கும் என்று அவர் தழுதழுத்துச் சொன்ன சில வரிகளைப் பலர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவருடைய நிகழ்ச்சி அந்த ஏழு மாதங்களில் நேயர் எண்ணிக்கையில் லெட்டர்மனுக்குப் பின்னால் விழுந்துகிடந்தது என்பதும் உண்மை. மழையில் நனைந்தவர்களில் பாதிப் பேர் 11:35க்கு அவரைப் போட்டிருந்தாலே அந்த அரை மணிப் பேரம் எழுந்திருக்காது என்று நினைக்கத் தோன்றும். இளைஞர்கள் அவரைக் கணினியில் துண்டு துண்டாகப் பார்த்தார்கள், அந்தக் கணக்கு விளம்பரக்காரரின் தராசில் அப்போது ஏறவில்லை என்று அவர்கள் சார்பில் வாதாடலாம். சரி, அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று டி.பி.எஸ். கேபிள் சேனலில் அவர் புதிய நிகழ்ச்சி தொடங்கியபோது என்ன ஆயிற்று? முதல் இரவு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பிறகு கூட்டம் வேகமாகக் கரைந்தது. அடுத்த 10 ஆண்டுகள், எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாத மனிதராக, அவர் முன்னிலும் சிறப்பான வேலையைச் செய்தார் என்பது என் கட்சி. 2021 ஜூன் 24 அன்று அதையும் முடித்துக்கொண்டபோது, பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு கொடி பிடித்தவர்கள் மறுபடியும் வந்து, நம் இளமை முடிந்துவிட்டது என்று வருந்தினார்கள்.

இதில் சேராதவர் ஜானி கார்சன். நெப்ராஸ்காவில் வளர்ந்த அவர் 1962 அக்டோபர் 1 முதல் 1992 மே 22 வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் ‘டுநைட் ஷோ’வை நடத்தினார். நான் அப்போது திருச்சியில் பள்ளி மாணவன், பின்னாளில் ஒளிப்பதிவாகத்தான் பார்த்தேன். அவரை நேயர்கள் விட்டுப் போகவில்லை. சேனல்கள் குறைவாக இருந்த காலத்தில் அவர்களுக்குப் போக்கிடமும் இல்லை. உச்சியில் இருக்கும்போதே, ஓராண்டு முன்னதாகச் சொல்லிவிட்டு அவர்தான் எழுந்து போனார்.

பொதுமக்கள் அரங்கில் இருந்த கடைசி நிகழ்ச்சி மே 21 அன்று. அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. விருந்தினர்களில் ஒருவரான பெட் மிட்லர், கார்சனுக்குப் பிடித்த பழைய பாடல் ஒன்றை அவரையும் சேர்த்துக்கொண்டு பாடிவிட்டு, பிறகு தனியாக எழுந்து நின்று, மதுக்கடை மூடும் நேரத்தில் கடைக்காரரிடம் கடைசிக் கோப்பை கேட்கும் பாட்டைப் பாடினார். அதுவரை அந்த நிகழ்ச்சியில் வராத கோணமொன்றில், அவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, ஒரு கேமரா இருவரையும் சேர்த்துப் பிடித்தது. முன்னால் அவர் பாடுகிறார். பின்னால் மேசையில் கார்சன், மோவாயில் கைவைத்து, கண் பனிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது ஆண்டுகள் எல்லோரையும் பார்க்கவைத்தவர் அந்த ஒரு பாட்டுக்கு நேயராக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விருந்தினர் யாரும் இல்லை. குடும்பத்தினரும் ஊழியர்களும் நண்பர்களும் மட்டுமே அரங்கில். துணைத் தொகுப்பாளர் எட் மெக்மேனும் இசைக்குழுத் தலைவர் டாக் செவரின்சனும் பக்கத்தில் இருக்க, பழைய துண்டுகளைக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேசினார். வீட்டிலிருந்து பார்த்தவர்கள் சுமார் 5 கோடிப் பேர். தனக்கு விருப்பமானதும் உங்களுக்குப் பிடிக்கக்கூடியதுமான ஏதாவது கிடைத்து நான் திரும்பி வந்தால், இதே அன்போடு உங்கள் வீட்டுக்குள் அழைப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று சொல்லி, நெஞ்சார்ந்த இரவு வணக்கத்தோடு முடித்தார். முந்தைய ஆண்டு கார் விபத்தில் இறந்த அவருடைய மகன் ரிக் எடுத்த புகைப்படம் ஒன்றுதான் நிகழ்ச்சி முடிந்ததும் திரையில் கடைசியாக நின்றது. மே 25 அன்று அதே நேரத்தில் லெனோ வந்தார், கார்சனின் பெயரை அன்று அவர் சொல்லவே இல்லை. நேயர்களில் பலர் அதைப் பல ஆண்டுகள் மன்னிக்கவில்லை. அவர்கள் நேற்றுவரை அந்த வீட்டிலேயே இருந்தவர்கள், உரிமையோடு கோபப்பட்டார்கள்.

2025 ஜூலை 17 அன்று, லெட்டர்மனின் இடத்துக்கு வந்த ஸ்டீஃபன் கோல்பேர், அடுத்த மே மாதத்தோடு ‘லேட் ஷோ’வே நிறுத்தப்படுகிறது என்று அதே எட் சல்லிவன் அரங்கில் அறிவித்தபோது, பார்வையாளர்கள் சீறினார்கள். உங்கள் உணர்வுதான் எனக்கும் என்றார் அவர். பண நெருக்கடி மட்டுமே காரணம் என்றது சி.பி.எஸ். அதன் தாய் நிறுவனமான பாராமவுன்ட், அமெரிக்க அதிபர் டிரம்ப்புக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டதை, கோல்பேர் சில நாள் முன்புதான் லஞ்சம் என்று சாடியிருந்தார். ஆகவே நேயர்கள் அந்தக் காரணத்தை எளிதில் நம்பத் தயாராக இல்லை. நானும் நம்பவில்லை. கொதிப்போடு அண்ணாச்சிக்கு ஃபோன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீரு கடைசியா எப்பம் வே அவன முழுசாப் பாத்தீரு?” என்றார். முழுதாக ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொன்னேன். “பின்ன?” என்றார்.

கார்சன் திரும்பி வரவில்லை. இரவுநேர மேடைக்கு ஒரு முறை மட்டும் வந்தார், நிகழ்ச்சி நடத்த இல்லை. 1994 மே 13, வெள்ளிக்கிழமை. லெட்டர்மன் அந்த வாரம் லாஸ் ஏஞ்சலஸில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அன்றைய பட்டியலைக் கொண்டுவர ஜானி கார்சன் வருகிறார் என்று அறிவித்துவிட்டு, வழக்கமாகக் கோமாளி வேடம் கட்டும் முதியவர் ஒருவரை வரவைத்தார். அரங்கம் ஏமாந்து சிரித்தது. கொண்டுவந்த அட்டை தவறானது என்று சொல்லி மறுபடி அழைத்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து உண்மையான கார்சனே வந்தார். ஒரு கணம் கழித்தே கூட்டத்துக்கு விளங்கியது. விளங்கியதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். லெட்டர்மன் தன் நாற்காலியைக் காட்டினார். கார்சன் அதில் உட்கார்ந்தார். கைதட்டல் சற்றுத் தாழும், அவர் பேசப்போகிறார் என்பதுபோல இருக்கும், மறுபடி எழும். மேசைமேல் கைவைத்து அரங்கைப் பார்த்தார். ஒரு சொல்கூடச் சொல்லாமல் எழுந்து, லெட்டர்மனின் கையைக் குலுக்கிவிட்டு, வந்த வழியே போனார். 2005இல் இறக்கும்வரை தொலைக்காட்சியில் அவர் மறுபடி தோன்றவில்லை. நாற்காலி காலியான பிறகும் கூட்டம் வெகு நேரம் உட்காரவில்லை.